ஒரு படி தவிடு

சாலம்மாளுக்கு மூன்றாவது முறை வயிறு தெரிய ஆரம்பித்தபோது தெருவில் ஒருத்திகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொறாமை இல்லை, நல்ல மனதுதான் காரணம். முதல் பிள்ளை வரும்போதே மூச்சில்லாமல் வந்தது. இரண்டாவது, பெயர் வைக்கிறவரை இருந்து, பெயரை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள். மறுபடியும் படப்போகிற காலைப் பார்த்து யார் என்ன பேசுவது?

கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில், சங்கராபுரம் போகிற மண்ரோட்டை ஒட்டி இருந்தது அந்தத் தெரு. காணி உள்ளவர்கள் ஊருக்குள் இருந்தார்கள்; அவர்கள் காணியில் களை பறிக்கிறவர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் இந்தத் தெருவில் இருந்தார்கள். சாலம்மாளின் புருஷன் பாவாடை, தனசேகரன் என்கிற கரும்புக்காரரின் மாட்டுவண்டியை ஓட்டினான். வெட்டுக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் பாரம் ஏற்றிப் போனால், மில் வாசலில் வண்டி வரிசையிலேயே சமைத்துத் தின்று, வண்டிக்கு அடியிலேயே படுத்து, முறை வந்த பிறகுதான் திரும்புவான். வரிசையை விட்டு நகர்ந்தால் முறை போய்விடும். கரும்பு காய்ந்து எடை குறைந்தால் முதலாளியின் வாய்க்கு யார் பதில் சொல்வது? ஆகவே பெண்டாட்டிக்கு வலி கண்ட அன்றைக்கும் அவன் அங்கேதான் இருந்தான், மாட்டுக்குக் கரும்புத் தோகையைப் போட்டுக்கொண்டு.

வயிற்றைப் பற்றி முதலில் பேச்செடுத்தவள் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள். ஆறு பெற்று ஆறும் தங்கியவள். அந்த ஒரு பெருமையால் தெருவில் அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

“ஏண்டி சாலா, இத எனக்குக் குடுத்துடு. தவுட்டுக்கு வாங்கிக்கறேன்.”

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் அது. பிறந்த குழந்தையை முறத்தில் வைத்து, பிள்ளைகள் நிறைந்த ஒருத்தியிடம் நீட்ட வேண்டும். அவள் ஒரு படி தவிடு அளந்து போட்டு வாங்கிக்கொள்வாள். அப்புறம் எமன் வந்து கதவைத் தட்டினாலும் அந்த வீட்டில் பிள்ளை ஏது? விற்றாகிவிட்டது. பெற்றவளே வளர்க்கலாம், பால் கொடுக்கலாம்; ஆனால் கூலிக்குப் பால் கொடுக்க வந்தவள் மாதிரிதான். முக்கியமான விஷயம், தவிடு அளக்கும்வரை பெற்றவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூடாது. ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

“குடுத்துட்டேன்கா,” என்றாள் சாலம்மாள், யோசிக்காமல். பிள்ளை உயிரோடு இருந்தால் அவளுக்குப் போதும். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன? சிறு வயதிலிருந்து அடுத்தவர் நெல்லையும் அடுத்தவர் கரும்பையும் வளர்த்துக் கொடுத்தவளுக்கு இதுவா பெரிய காரியம்?

வலி ஒரு விடியற்காலையில் தொடங்கியது. மருத்துவச்சி காசியம்மாள் வந்து, வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தல கீழ இல்லடி. குறுக்கால கெடக்குது. என் கைக்கு அடங்காது. எங்கனா தூக்கிக்கினு போங்க.”

“எங்கக்கா போவறது?” என்றாள் சாலம்மாள்.

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க கெடக்கறேன்?”

காசியம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. முடியாததை முடியும் என்று சொல்லி ஆளைக் கொல்கிறவர்களை விட அவள் எவ்வளவோ மேல். குஞ்சம்மாள் தன் வீட்டுக்கு ஓடி, தவிட்டுப் பானையில் கையை விட்டு, பழைய சீலைத்துணியில் ஒரு படி அளந்து மூட்டை கட்டி இடுக்கிக்கொண்டு வந்தாள். வேறு எதை எடுப்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாற்றுப்புடவையைக்கூட மறந்துவிட்டாள்.

சாலம்மாளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனாள். மண்ரோடு தார்ரோட்டைத் தொடுகிற இடத்தில், சர்க்கார் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளும் அழுத்திப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள், கொஞ்சம் கூடுதலாக.

“ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். இங்க அதுக்கு வசதி இல்ல. கள்ளக்குறிச்சில பிரைவேட் ஆஸ்பத்திரி இருக்குது, பணம் கேப்பாங்க. இல்லன்னா விழுப்புரம் தாண்டி பெரியாஸ்பத்திரி. அங்க காசு கெடையாது. ஆனா தூரம்.”

பக்கத்தில் இருப்பது காசுக்கு. இனாமாகக் கிடைப்பது தூரத்தில். இரண்டுக்கும் நடுவில் சாலம்மாளின் வயிறு. ஏழையின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் இப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. எவன் போட்டான் என்றுதான் தெரியவில்லை.

“கிட்டக்கவே போவலாங்கா,” என்றாள் சாலம்மாள். “இன்னும் ரொம்ப நேரம் தாங்காது.”

கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிக் கதவு இருந்தது. உள்ளே பளிங்கு மாதிரித் தரை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண், கையில் பேனாவை வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் கட்டச் சொன்னாள். கட்டினால்தான் டாக்டரம்மா பார்ப்பார்கள். கையிலே காசு, வாயிலே தோசை.

“காசு இப்ப இல்லம்மா,” என்றாள் குஞ்சம்மாள். “ஆளுங்க இருக்கறோம். நான் வந்து பெருக்கறேன். ரெத்தத் துணி அத்தனையும் தொவச்சிப் போடறேன். எம்மாம் நாளு சொல்றீங்களோ அம்மாம் நாளு. எம் பெரிய பையன வேணாலும் வுடறேன், மாடு மாதிரி வேல செய்வான்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் எதை வாங்கியதும் அப்படித்தான். உழைப்பைக் கொடுத்து நெல் வாங்கினாள், உழைப்பைக் கொடுத்து மகளுக்குத் தோடு வாங்கினாள். அந்த நாணயம் இங்கே செல்லாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேசைக்காரப் பெண் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. வேறு பக்கம் பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சாலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரை குளுகுளுவென்று இருந்தது. அவளுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. இங்கேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தால் என்ன? இந்தத் தரையில் ஒருத்தி செத்தால் இவர்களுக்குத்தானே அவமானம். அதற்குப் பயந்தாவது தூக்கிப் போய் அறுக்க மாட்டார்களா? அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மிதித்துக்கொண்டு அடுத்த வலி வந்தது.

உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “இங்க நின்னு டைம் வேஸ்ட் பண்ணாதீங்கம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சீக்கிரம் போங்க,” என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அக்கறைக்கு அட்வான்ஸ் தேவையில்லையே.

விழுப்புரம் பஸ்ஸில், பெண்கள் உட்காரும் பக்கத்துச் சீட்டில் சாலம்மாளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றபோது குஞ்சம்மாள் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் தவிட்டு மூட்டையோடு கும்பிட்டாள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலம்மாளின் பனிக்குடம் உடைந்தது. சீட்டு நனைந்து, தண்ணீர் பஸ்ஸின் தகரத்தரையில் ஓடியது.

கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினான். “எறங்கிக்கங்கம்மா. ஜனங்க உக்கார்ற வண்டி இது.”

“எறங்கி? இந்தப் பொட்டக்காட்டுல இன்னா பண்றது?” என்றாள் குஞ்சம்மாள்.

“அத நான் இன்னா சொல்றது? வண்டில எதுனா ஆயிட்டா என் வேல போயிடும்.”

சாலம்மாள் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கினால் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. “நான் எறங்க மாட்டங்க,” என்றாள். “கைய வெட்டி எறக்குங்க.”

அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, பின்சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் எழுந்து, தன் முந்தானையை விரித்து அவளுக்கு மறைப்பாக நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இரண்டு புடவைகளுக்கு முன்னால் கண்டக்டர் என்ன செய்வான்? டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். அதன்பிறகு வழியில் கைநீட்டியவர்கள் யாருக்கும் அவன் நிறுத்தவில்லை. விழுப்புரத்தில் அந்தக் காய்கறிக்காரியே ஒரு வேன்காரனைக் கெஞ்சி ஏற்றிவிட்டாள். அவள் பெயர் என்ன என்று சாலம்மாள் கேட்கவில்லை. அது இன்றைக்கும் அவளுக்கு மனக்குறை.

பெரியாஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மூட்டையைப் பார்த்தான்.

“இன்னா அது?”

“தவுடுங்க.”

“உள்ள மாடு எதுவும் கட்டல. நோயாளி மட்டும் போவலாம். கூட வந்தவங்க சாயந்திரம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தள்ளுவண்டியில் சாலம்மாளைப் படுக்கவைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தபோது குஞ்சம்மாள் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள், தவிட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

அங்கே யாரும் காசு கேட்கவில்லை. ஊரைக் கேட்டார்கள், பெயரைக் கேட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டார்கள். சாலம்மாளுக்கு அதுவே பயமாக இருந்தது. காசு வாங்காமல் ஒருவர் இவ்வளவு செய்தால், பிற்பாடு வேறு என்ன கேட்பார்களோ?

கேட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தவளிடம், மலையாளத்து நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்தாள். குழந்தை மாறிப்போச்சு என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்பதற்காக, தாயிடம் காட்டி, தாய் வாயாலேயே சொல்லவைப்பது அங்கே வழக்கம்.

“நல்லா பாரு. என்ன குழந்தைன்னு நீயே சொல்லு.”

சாலம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தவிடு வெளியே இருந்தது. குஞ்சம்மாள் வெளியே இருந்தாள். தவிடு அளந்து போடாமல் எப்படிப் பார்ப்பது? எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாள் குஞ்சம்மாள்.

“பாரும்மா. பெண் குழந்தை.”

அவள் திரும்பவில்லை. நர்ஸின் குரல் மாறியது.

“பெண்ணுன்னுதானே மூஞ்சியத் திருப்பறே?”

பெண் பிள்ளை வேண்டாதவர்கள் கொன்றுவிடாமல் எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கெஞ்சிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வீட்டுக்குப் போனதும் காணாமல் போகிற பெண் குழந்தைகளைப் பற்றி அந்த நர்ஸ் நிறையக் கேள்விப்பட்டிருந்தாள். அவள் கோபம் நியாயமான கோபம். ஆள்தான் தப்பு.

“அது என் புள்ள இல்லீங்க,” என்றாள் சாலம்மாள், சுவரைப் பார்த்து.

“பின்ன யாருடையது?”

“வெளிய நிக்கறாங்க. அவுங்களுது. முன்னியே வித்துட்டங்க.”

“வித்துட்டியா? எதுக்கு வித்தே?”

“ஒரு படி தவுட்டுக்குங்க.”

இதைவிட உண்மையான பதில் அந்த வார்டில் அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதைவிட மோசமான பதிலும் கிடையாது. நர்ஸுக்கு இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாது. குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“நீ ஒண்ணும் விக்க வேண்டாம். பெரிய சிஸ்டர்கிட்ட சொல்றேன். உனக்கு வேண்டாம்னா அநாதை இல்லத்துக்கு அனுப்பிடுவோம். அங்க உயிரோடயாவது இருக்கும்.”

காலடிச் சத்தம் திரும்பி நகர ஆரம்பித்தது. அப்போதுதான் குழந்தை அழுதது. முதல் பிள்ளை அழவே இல்லை. இரண்டாவது, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டே இருந்து அடங்கியது. இது தொண்டையைத் திறந்து, பசியோடு, யார் மேலோ கோபப்பட்ட மாதிரி அழுதது. சாலம்மாளின் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. உடம்புக்கு வழக்கமும் தெரியாது, தவிடும் தெரியாது.

பார்த்தால் எமன் கொண்டுபோவான். பார்க்காவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொண்டுபோவார்கள். எமன் வருவதற்கு நாளாகலாம். இவர்கள் இதோ, கதவை நெருங்கிவிட்டார்கள். அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

“அம்மா,” என்று கூப்பிட்டாள். “இருங்க. குடுங்க.”

திரும்பினாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். சிவந்துபோன சின்ன முகம், நெற்றியெல்லாம் முடி, பாவாடையின் அகலமான மூக்கு.

“பொண்ணு,” என்றாள். “என் பொண்ணுங்க.”

சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியாமல் அழுதாள். நர்ஸ் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து, அவள் தலையைத் தடவிவிட்டு, குழந்தையை மார்பில் சேர்த்து வைத்தாள்.

சாயந்திரம் கதவு திறந்ததும் குஞ்சம்மாள் வந்தாள். வாட்ச்மேன் கண்ணில் படாமல் தவிட்டை வயிற்றில் கட்டிப் புடவையால் மூடிக்கொண்டு வந்தவள், ஒரு பிள்ளைத்தாச்சி மாதிரியே இருந்தாள். குழந்தை சாலம்மாளின் கையில் இருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்கா. சொல்லியும் புட்டேன். இல்லன்னா தூக்கிக்கினு போயிருப்பாங்க.”

குஞ்சம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, படி இல்லாததால் கைகளால் அள்ளி, சாலம்மாளின் முந்தானையில் தவிட்டைப் போட்டாள். துளி மிச்சமில்லாமல் போட்டாள். குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது பத்தாதுடி,” என்றாள் மெதுவாக. “வாய வுட்டுட்டே. இனிமே வாய் தவறியும் சொல்லாத. அதும் உன்ன அம்மான்னு கூப்புடக் கூடாது. என்னியத்தான் கூப்புடணும். ஆவுமா?”

“ஆவும்கா.”

மறுநாள், சேதி கேட்டு, பாவாடை கரும்புப்பாகு வாடையோடு வந்து சேர்ந்தான். குழந்தையைப் பார்த்துவிட்டு, “வித்தாச்சா?” என்று ஒரே கேள்விதான் கேட்டான். “ஆச்சு,” என்றாள் சாலம்மாள். முந்தியே சொல்லிவிட்ட அந்தச் சொல்லைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

குழந்தைக்கு அம்சவள்ளி என்று பெயர் வைத்தார்கள். தெரு தவுட்டுப்பொண்ணு என்றே கூப்பிட்டது. அது தும்மினால் சாலம்மாளுக்குத் தூக்கம் போய்விடும். காய்ச்சல் கண்டால், நாம் சொன்ன சொல் இன்றைக்கு வந்து வாசலில் நிற்கிறது என்று நினைப்பாள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது, எதிர்வீட்டைக் காட்டி, “அதான் அம்மா, நான் சாலா,” என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். குழந்தை ஓரிரு தடவை மாற்றிக் கூப்பிட்டது. அப்போது சாலம்மாள் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள். வேறு வீடுகளில் இந்த வழக்கமெல்லாம் ஒரு வயதோடு தளர்ந்து, தவிட்டை மறந்து, தாய் தாயாகிவிடுவாள். இவளுக்குத் தளரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது குஞ்சம்மாளை முன்னால் தள்ளிவிட்டாள். கல்யாணத்தில் மணைக்குப் பக்கத்திலும் குஞ்சம்மாள்தான் நின்றாள். சாலம்மாள் பந்தியில் இலை எடுத்தாள், கூலிக்கு வந்தவள் போல. பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு என்று தோன்றும். தோன்றட்டும். பெண் உயிரோடு, புடவை கட்டிக்கொண்டு, நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அல்லவா?

குஞ்சம்மாள் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் அம்சவள்ளிக்கு வலி கண்டது. இப்போது கள்ளக்குறிச்சியிலேயே பெரியாஸ்பத்திரி வந்துவிட்டது. போன் செய்தால் வண்டியும் வருகிறது. சாலம்மாள் உடன் போனாள். வழியெல்லாம் வண்டிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனாள், யாரும் இறக்கிவிடப் போவதில்லை என்று தெரிந்தும்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் கேட்டாள். “பேஷன்டுக்கு நீங்க இன்னா வேணும்?”

“எதுத்த வூடுங்க,” என்றாள் சாலம்மாள்.

கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே வலி ஏறி இறங்குவது சத்தத்திலேயே தெரிந்தது. எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில் எதைச் சொல்லிக் கத்துவார்களோ, அதையே சொல்லித்தான் அம்சவள்ளியும் கத்தினாள்.

“அம்மா…”

குஞ்சம்மாள் இல்லை. அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல உலகத்தில் இனி வேறு ஆள் இல்லை.

“இங்கதான் இருக்கேன், கண்ணு,” என்றாள் சாலம்மாள், மூடிய கதவைப் பார்த்து. “அம்மா இங்கதான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறவரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.